தேவாங்கு பார்த்துவைத்த பிரெஞ்சுக் கார்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, குழந்தைவேலு என்றொரு தேவாங்கு இருந்தார். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நினைத்தாலும், போய்ச் செய்து முடிப்பதற்குள் எதிராளி சமாதானமாகியிருப்பார். அவ்வளவு மெதுவான நடை.

அந்த நடையால் அவர் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பத்து கிலோமீட்டர் தள்ளி எதிர்மலையில் நடந்த சொந்த மகள் கல்யாணத்துக்கே பதினோரு நாள் பிந்திப் போனார். பந்தல் பிரித்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

இப்போது மகள் பொன்மணி முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்துச் சம்பந்தி வீட்டிலிருந்து தகவல் வந்தது. இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது.

"நடந்து போக இருபது நாள் ஆகும். இந்த வாரமே கிளம்பிடலாம்," என்றாள் மனைவி செங்கமலம். "முதல் வளையலை நான்தான் போடணும்."

குழந்தைவேலு போனை நீட்டினார். அதில் ஒரு சிவப்புக் கார். பிரெஞ்சுக்காரன் செய்தது. உருவம் சின்னது, இன்ஜின் மட்டும் அந்த உருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. மலை வளைவுகளில் அது சீறிக்கொண்டு திரும்பும் வீடியோவை அவர் நாற்பத்தொரு தடவை பார்த்திருந்தார். செகண்ட் ஹேண்ட் வண்டி. விற்கிறவர், பக்கத்துப் பாறையிடுக்கில் குடியிருக்கும் நரி சவரிராயன்.

"பத்து கிலோமீட்டர், பத்து நிமிஷம். வளைகாப்பு அன்னிக்குக் காலையில குளிச்சிட்டுக் கிளம்பினா போதும்," என்றார்.

செங்கமலம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பின்னாடி கதவே இல்லையே. சீர்த்தட்டெல்லாம் எது வழியா வைக்கிறது?"

"வேகமா போறவங்களுக்குப் பின் சீட்டு எதுக்கு?"

"விக்கிறது நரிங்க."

"தெரியும். அதனாலதான் ஜாக்கிரதையா பேசப் போறேன்."

பக்கத்துப் பாறை என்பதால் மறுநாள் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டார். மெக்கானிக் மரங்கொத்தி காதர் பாயையும் வரச் சொல்லியிருந்தார். காரின் உடம்பைத் தட்டிப் பார்த்தே அது எங்கெங்கே அடிபட்டது என்று சொல்லிவிடுவதில் காதர் பாய் பெயர்பெற்றவர்.

சவரிராயன் தார்ப்பாயை விலக்கினார். குழந்தைவேலுவின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. இருந்தாலும் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு, "வண்டியில என்ன குறை?" என்று கேட்டார்.

"நிறைய இருக்குங்க," என்றார் நரி. "பிரான்ஸ் பட்டாளத்துல இருந்த என் மச்சான் கப்பல்ல கொண்டுவந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம். டைமிங் பெல்ட் மாத்தவே இல்ல. அது அறுந்தா இன்ஜின் மொத்தமும் போயிடும். மழை பேஞ்சா கண்ணாடி தானா இறங்கிடும், ஏத்த முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் பிரான்ஸ்ல இருந்து வரணும். ஒரு ஹாரன் வர ஏழு மாசம் ஆச்சு. வந்ததும் வேற வண்டியோடது."

காதர் பாய் பானட்டில் ஏறி நாலு தட்டுத் தட்டினார். "அடிபட்டதை மறைக்கப் பாதி வண்டிக்குப் பட்டிதான் பூசியிருக்கு அண்ணே. நரி சொல்றது அத்தனையும் நிஜம். வேணாம்."

"ஓட்டிப் பாக்கலாமா?"

"பாக்கலாம். திரும்பி வரும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்," என்றார் சவரிராயன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் குழந்தைவேலு யோசித்தார். ஒரு நாள் நடை என்பதால் நன்றாகவே யோசிக்க முடிந்தது. நரி என்றால் பொய். பள்ளிக்கூடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியது. அப்படியென்றால், பெல்ட் பழசு என்று நரி சொன்னால் பெல்ட் புதுசு. கண்ணாடி இறங்கும் என்றால் இறங்காது. வேறு யாரோ கூடுதல் விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், தன்னை விரட்டத்தான் இத்தனை குறை சொல்கிறான். மரங்கொத்தியையும் கைக்குள் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது.

ஆனாலும் வாங்கிவிடப் பயமாக இருந்தது. தினமும் செங்கமலம் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, "நடந்துடலாமா?" என்பாள். "பாக்கலாம்," என்பார். அப்புறம் இன்னொரு தடவை வீடியோவைப் பார்ப்பார். இப்படியே பதினான்கு நாள் போயிற்று. பதினைந்தாம் நாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், இனிமேல் நடந்தால் வளைகாப்புக்குப் போய்ச் சேர முடியாது. யோசனை அதோடு முடிந்தது.

காரைக் கொடுக்கும்முன் சவரிராயன் எல்லாக் குறைகளையும் முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதி, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் கையெழுத்துக் கேட்டார். குழந்தைவேலு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே போட்டார்.

வளைகாப்பன்று காலை, செங்கமலம் சீர்த்தட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார, கார் கிளம்பியது. மரங்கள் பின்னால் ஓடின. குழந்தைவேலு ஒரு முயலை முந்தினார். இரண்டு மான்களை முந்தினார். பிறந்ததிலிருந்து அவர் யாரையுமே முந்தியதில்லை. வளைவில் வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பியபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டுகளை இறுக்கிப் பிடித்தபடி செங்கமலம், "இன்னும் கொஞ்சம் வேகமா போகுமா?" என்று கேட்டாள்.

எட்டாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. கண்ணாடி இறங்கியது. அடுத்த திருப்பத்தில் இன்ஜினுக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. வண்டி நின்றுவிட்டது. மிச்சம் இரண்டு கிலோமீட்டரை நடந்தார்கள். நாலு நாள் ஆயிற்று.

பொன்மணி வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அம்மா கொண்டுவந்ததை ஏற்ற இடமில்லை.

"நாலு நாள்தாம்ப்பா லேட்டு," என்றாள் மகள். "இவ்வளவு சீக்கிரம் நீங்க எங்கயும் வந்ததே இல்ல."

நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். குழந்தைவேலுவுக்கு அது புரிந்தது. செங்கமலத்துக்கு ஆறவில்லை. ஊர் திரும்பியதும் சவரிராயன் மேல் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட வைத்தாள்.

நீதிபதி காட்டெருமை முத்திரைத்தாளை இரண்டு தடவை படித்தார். "இதுல எழுதியிருக்கிறது எல்லாம் உண்மையா?"

"அத்தனையும் உண்மைங்கய்யா," என்றார் சவரிராயன்.

"நீர் யார்?"

"நரிங்கய்யா."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நரி பொய் சொல்லும்கிற நம்பிக்கையிலதான் இந்தக் காட்டுல வியாபாரமே நடக்குது. நீர் பாட்டுக்கு உண்மையைச் சொன்னா வாங்குறவர் எதைன்னு எடுத்துப்பார்? மனுதாரரை ஏமாத்தியிருக்கீர். காரைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துடும்."

சவரிராயன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது குழந்தைவேலு கையைத் தூக்க ஆரம்பித்தார். கை முழுசாக மேலே போகும்வரை கோர்ட் காத்திருந்தது.

"காரைக் கொடுக்க முடியாதுங்கய்யா," என்றார்.

"ஏன்?"

"இன்ஜினுக்கு பிரான்சுக்கு எழுதிப் போட்டுட்டேன். பேரப்பிள்ளை காதுகுத்துக்குச் சரியா போய் நின்னுடுவேன்."

நீதிபதி செங்கமலத்தைப் பார்த்தார். அவள் கணவர் பக்கம் திரும்பி, "கண்ணாடிக்கும் சேத்து எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

நீதி: நரியாகப் பிறந்தவர் உண்மை பேசுவதாக இருந்தால், பதினைந்து நாள் முன்னதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.