புகார் அக்காவின் பல்வலி

குடிநீர் அலுவலக ஊழியர்களின் மனம் வாடியிருப்பது மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. காலி இடங்களுக்கு ஆள் போடாமல் ஒருவர் தலையில் மூவர் வேலையைக் கட்டியதும் அதே மேலிடம்தான். ஆனால் அது காரணமாக இருக்க முடியாது என்று மேலிடமே ஆராய்ந்து கண்டுபிடித்தது. காரணம் சத்துக்குறைவாம். ஆகவே மனமலர்ச்சித் திட்டம் உதயமாயிற்று. அதற்கு ஒரு நலவாழ்வு அதிகாரியும் வந்து சேர்ந்தார். போன வாரம் வரை குழாய்க் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். அடைப்பு எங்கே இருந்தாலும் எடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை போலும்.

தினமும் காலையில் ஆளுக்கொரு மூலிகைச் சத்து மாத்திரை. அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும்.

புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊராரிடம் ஏச்சு வாங்குகிறவளை எல்லாரும் புகார் அக்கா என்பார்கள். பாவம், தூக்கம் கெட்டு, அழுது தீர்த்து, மனநல டாக்டர் கொடுத்த மருந்தில் இப்போதுதான் கண்ணயர்கிறாள். தன்னைக் கேட்காமல் வேறு எதையும் சாப்பிடக் கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சார், நான் டாக்டர் மருந்து சாப்பிடறேன். இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?"

"இது இயற்கைம்மா. ஒண்ணும் பண்ணாது."

"அரளி விதையும் இயற்கைதான் சார்."

அதிகாரி யோசித்தார். "அது நம்ம திட்டத்துல இல்லையே."

"ரத்தம் பாத்து, குறை இருக்கறவங்களுக்குத்தானே குடுப்பாங்க?"

"குறையில்லாதவங்க யாரும்மா இந்த ஆபீஸ்ல இருக்காங்க?"

மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக் கழிவறையில் போய்த் துப்பினாள். எத்தனை நாளைக்கு இப்படி? டாக்டரையே கேட்டுவிடலாமென்று அதிகாரியிடம் லீவு கேட்டாள்.

"மனசு சரியில்லன்னு நீங்க லீவு எடுத்தா, திட்டம் சரியில்லன்னு ஆயிடும். அந்த வகை லீவையே ரத்து பண்ணியாச்சு," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பல்வலின்னு எழுதுங்க. பல்லுக்குத் திட்டம் இல்ல."

மனநல டாக்டர் வீட்டு வாசலில் பாதி அலுவலகம் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. மூலையில், பேப்பருக்குப் பின்னால், நலவாழ்வு அதிகாரி.

"உங்களுக்கு எந்தப் பல்லு சார்?"

"கடைவாய்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவள் கொண்டுபோன மாத்திரையைப் பார்த்ததும் டாக்டர் முகம் சுளித்தார். "சத்து மாத்திரை தப்பில்ல. குறை இருந்தா நானே எழுதுவேன், மருந்துக்குத் துணையா. ஆனா இந்த மூலிகை உங்க மருந்தோட மோதும். தொடாதீங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதை எல்லாருக்கும் சொல்லியே தீருவது என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் மேலிடத்திலிருந்து ஒருவர் நேரிலேயே வந்து அறிவித்தார். ஊழியர்களிடம் மனவாட்டம் அறவே ஒழிந்தது. ஆயினும் பல்வலி கட்டுக்கடங்காமல் பரவுகிறது. ஆகவே மூலிகையோடு சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இனிமேல் உண்டு.

புகார் அக்கா எழுந்தாள். "சார், அந்த மூலிகை மருந்தோட மோதும். டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?" என்றார் மேலிடத்தவர்.

நேற்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் சொல்லிவிடாதே என்று அவளையே கெஞ்சின.

"பல் டாக்டர்," என்றாள்.

"பல் டாக்டருக்கு மனசைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் நலவாழ்வு அதிகாரி.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு இரண்டு மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கினார்கள்.