ஆடிட்டர் கண்டுபிடித்த நியாய விலை

"ஒரு லட்சம் கேட்கிறாரே, அது நியாயமான்னு பார்க்க வேண்டாமா?" என்றபடி ஆடிட்டர் கால்குலேட்டரோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அவர்கள் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். இப்போதே ஒரு லட்சம் கொடுத்தால், ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இன்றைய விலைக்கே வீட்டை வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், லட்சம் மட்டும் திரும்பி வராது. பங்குச் சந்தையில் இந்த மாதிரி உரிமைக்கு ஆப்ஷன் என்று பெயர். அந்தப் பெயர் ஞாபகம் வந்ததுதான் தாமதம், மனிதருக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது.

மனைவிக்கோ அந்த வீடு வேண்டும். சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "என்னங்க, பேசாம கொடுத்துட்டு வாங்களேன்" என்று தினமும் கெஞ்சினாள். அவசரப்பட்டு ஏமாறக் கூடாது என்றார் ஆடிட்டர்.

ஆப்ஷனுக்கு விலை போடும் அந்தக் கால்குலேட்டர் வீட்டு விலை, கெடு, வட்டி எல்லாவற்றையும் சமர்த்தாக வாங்கிக்கொண்டு, கடைசியில் விலை எவ்வளவு ஏறி இறங்கும் என்று கேட்டது. பங்கு என்றால் பழைய விலைகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு எங்கே போவது? தெருமுனைத் தரகரை விசாரித்தார். ஒருத்தர் பேச்சை நம்பலாமா என்று இன்னும் நாலு தரகர்களை விசாரித்தார். ஆடிட்டரே இப்படி அலைகிறார் என்றால் சும்மாவா? தரகர்கள் வீட்டைப் பார்க்க ஆள் ஆளாகக் கூட்டிவந்தார்கள். வீட்டு விலை மளமளவென்று ஏறியது.

புது விலையைப் போட்டுத் தட்டினார். உரிமையின் நியாய விலை இரண்டு லட்சம் என்றது. ஒரு நாள் மனைவியும் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, "இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள். இப்போதாவது இவளுக்குப் புத்தி வந்ததே என்று பூரித்துப்போய் மறுபடி விசாரித்தார். வீட்டு விலை இன்னும் ஏறியது; கால்குலேட்டர் மூன்றரை லட்சம் என்றது.

மூன்றரை பெறுவது ஒன்றுக்குக் கிடைக்கிறதென்றால் கசக்குமா? வீட்டுக்காரரிடம் ஓடினார். அவரோ, உரிமையைப் போன வாரமே வேறொருவர் வாங்கிவிட்டதாகவும், பெயரைச் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டதாகவும், வேண்டுமானால் தெருமுனைத் தரகரிடம் பேசிப் பார்க்கும்படியும் சொன்னார்.

ஆடிட்டர் தெருமுனைக்கு ஓடினார். வீடு போய்விட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? பாவம், ஆசை ஆசையாக இருந்தாளே.

எவ்வளவு தருவீர்கள் என்று தரகர் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், கால்குலேட்டரையே நீட்டிவிட்டார். கார் வாங்குவதற்காக மனைவிக்குத் தெரியாமல் சேர்த்த பணத்தை வழித்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். போனால் போகிறது, நியாய விலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

தரகர் பணத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"உங்க வீட்டம்மாகிட்ட இப்பவே கொண்டுபோய்க் கொடுத்துடறேன் சார்; கால்குலேட்டர் சொல்ற விலைக்கு மேல ஒரு பைசாகூட உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க."