வடதுருவம் போன தேர்

‘ரெண்டு நிமிஷ வேலைதானே?’ என்று யாராவது கேட்டால் எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரியும். லிந்துலை டவுனில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறவள் நான். போட்டோ கொப்பி, பாஸ்போட் விண்ணப்பம், பரீட்சை முடிவு எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். வருகிற எவருக்கும் என் வேலை ரெண்டு நிமிஷம். (பொக்கெட்டில் அடையாள அட்டையைத் தேட அவர்களுக்கு மட்டும் அரை மணி நேரம்.) அந்த நாசமாய்ப்போன வார்த்தையை ஒருமுறை நானே என் வாயால் சொன்னேன். இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் தேர் வருஷா வருஷம், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த வாசலுக்கு நகரும். கீழ் டிவிஷனுக்கு மட்டும் வராது. அங்கே இறங்கும் ரோட்டில், ஃபேக்டரிக்குப் பக்கத்தில், கம்பெனி ஒரு இரும்பு கேட்டைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. கம்பெனி லொறி வந்தால் திறக்கும். த்ரீவீல் ஆட்டோ வந்தாலும், அம்மன் வந்தாலும் திறக்காது. கீழே இருக்கிறவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி வர வேண்டும்.

எங்கள் அம்மா இருப்பது கீழ் டிவிஷனில். மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தே முழங்கால் இரண்டும் போய்விட்டன. படிக்கட்டைப் பார்த்துக் கும்பிடுவதோடு சரி. “சாமி ஒரே ஒரு வாட்டி நம்ம வாசலுக்கு வந்துட்டுப் போனா போதும் புள்ள” என்பார். என்னிடம் அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

அந்த வருஷம் தோட்டத்துக்குப் புதுத் தொர, அதாவது மேனேஜர், வந்தார். கம்ப்யூட்டர் பைத்தியம். மரம், தேயிலை மட்டம், தண்ணிக் கான் எல்லாவற்றையும் மேப்பில் ஏற்றி வைத்திருந்தார். கோயில் தலைவர் போய்க் கேட்டதும், “தேர் போற பாதையை கேஎம்எல் ஃபைலாக் கொண்டு வாங்க. பாத்துட்டு கேட்டைத் தொறக்கலாம்” என்றார்.

தலைவருக்கு ஃபைல் என்றால் அட்டைதான். என் கடைக்கு ஓடி வந்தார்.

“தங்கச்சி, தொர என்னமோ ஃபைல் கேக்குறாரு. ஏலுமா?”

“ரெண்டு நிமிஷ வேல தலைவரே” என்றேன்.

பாதையைப் பதிய போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, கோயிலிலிருந்து அம்மா வாசல் வரை நடந்தேன். படிக்கட்டில் இல்லை, தேர் வர வேண்டிய ரோட்டில். கேட்டைக் காவல் காக்கும் சிங்கள வாச்சர் திறக்கவில்லை; ஏறிக் குதித்தேன். (சாரியில். அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.) கடைக்கு வந்து திறந்தால் ஃபைல் ஜிபிஎக்ஸ் என்ற வடிவத்தில் இருக்கிறது. தொர கேட்டது கேஎம்எல். அதே பாதை, அதே ரோடு. ஆனால் ஒன்றை மற்றது ஏற்காது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் தோற்றார்கள்.

மாற்றித் தருகிறேன் என்று இணையத்தில் எத்தனை பேர்! ஒருவன் ஈமெயில் கேட்டான், கொடுத்தேன். கடனட்டை கேட்டான், திட்டினேன். இன்னொருவன் மாற்றிக் கொடுத்த ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாமவன் ‘பிழை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றான். என்ன பிழை, யார் பிழை? சொல்லித் தொலைத்தால் என்ன? கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். போட்டோ கொப்பி எடுக்க வந்த அம்மாள், “பொறகு வாறேன்” என்று நழுவிவிட்டார்.

போங்கடா என்று நானே கையால் செய்தேன். இந்த ஃபைலில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு. நம் தோட்டத்துக்கு வடக்கு ஏழு மாதிரி, கிழக்கு எண்பது மாதிரி. ஜிபிஎக்ஸில் வடக்கு முன்னால். கேஎம்எல்லில் கிழக்கு முன்னால். இதை எந்த மடையன் முடிவு செய்தான் என்று தெரியாது. தெரிந்தால் வீடு தேடிப் போவேன். நான் இருந்த கொதிப்பில் வடக்கையே முன்னால் வைத்து அத்தனையையும் ஒட்டினேன். போனில் திறந்து பார்த்தேன். கோடு வந்தது. சுற்றிலும் வெறும் நீலம், வேறு ஒன்றுமில்லை. எங்கள் பள்ளத்தில் சிக்னல் என்றைக்கு ஒழுங்காக இருந்தது? மேப் இன்னும் லோட் ஆகவில்லை என்று நினைத்தேன். இந்த நினைப்பு மலைநாட்டில் பிறந்தவளுக்குத்தான் வரும்.

தொரையின் ஆபீசில் பெரிய திரை. கோயில் கமிட்டி முழுக்க வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தது. தொர ஃபைலைத் திறந்தார். உருண்டை சுழன்றது. இலங்கை கீழே போனது. இந்தியா போனது. ரஷ்யாவும் போனது. கடைசியில் வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கட்டி மிதக்கிற கடலில், எங்கள் அம்மனின் தேர்ப்பாதை போய் நின்றது.

தலைவர் மெல்லக் குனிந்து, “தங்கச்சி, இதுல கீழ் டிவிஷன் எது?” என்று கேட்டார்.

தொர சிங்களம் கலந்த தமிழில், “எனக்குப் பிரச்சினை இல்ல. அங்க தேயில இல்லதானே, தேர் நல்லாப் போகலாம்” என்றார். கமிட்டியே சிரித்தது. என் மானம் கப்பலேறிப் போனது. அதுவும் அந்தக் கடலில்தான் போயிருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து எண்களை மாற்றிப் போட்டேன். பாதை ஒழுங்காகத் தோட்டத்துக்குள் வந்து விழுந்தது. தொர தலையாட்டி, பக்கத்திலிருந்த குமாஸ்தாவைப் பார்த்தார். “கிளாக்கர், இதைப் பிரிண்ட் எடுத்து, கடிதத்தோட வாச்சருக்குக் குடுங்க” என்றார். கடைக்குப் போகிற வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அவர் வாசலைக் கழுவ ஆரம்பித்தார்.

திருவிழா அன்று தேர் கேட்டுக்கு வந்தது. கேட் பூட்டியிருந்தது. வாச்சர் கையில் கடிதம் இருந்தது, படமும் இருந்தது.

“நோனா, கடிதத்துல ‘படத்தில் உள்ள பாதை’ சொல்லி இருக்கி. படத்துல தண்ணி மட்டும்தானே. ரோடு எங்க?”

வாங்கிப் பார்த்தேன். அதே கடல்! இரண்டு ஃபைலுக்கும் நான் ஒரே பெயர் வைத்திருந்தேன். கிளாக்கர் பழையதைப் பிரிண்ட் எடுத்திருக்கிறார். கடலில் ஏனய்யா தேர் ஓடுகிறது என்று ஒரு மனுஷனுக்குக்கூடத் தோன்றவில்லையா? கண்ணை என்ன அடகு வைத்துவிட்டார்களா? தொர கொழும்பில், போன் அணைத்திருந்தது. நான் தமிழில் கத்தினேன், சிங்களத்தில் கத்தினேன், கேட்டைப் பிடித்து உலுக்கினேன். மேளகாரர் அதற்கும் தாளம் போட்டார்.

“நோனா, தொறந்தா என் வேல போயிரும்” என்றார் வாச்சர். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மழை பிடித்தது. தேரைத் திருப்பினார்கள்.

நான் படிக்கட்டில் இறங்கிப் போனேன். அம்மா வாசலில் நாற்காலி போட்டு, தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கோலம் பாதி கரைந்திருந்தது. மேளச் சத்தம் தூரமாகிப் போவதை அவரும் கேட்டிருக்கிறார். நடந்ததை விட்டு விட்டுச் சொன்னேன்.

“அவ்ளோ வடக்கேயா?” என்றார் அம்மா. “அங்கன சாமிக்கு குளிராதாடி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் அந்த அர்ச்சனைத் தட்டுத் தேங்காயில்தான் சம்பல். அதையும் தின்றேன்.

அடுத்த வருஷம் நான் யாரையும் நம்பவில்லை. கிளாக்கர் முன்னால் நின்று சரியான படத்தைப் பிரிண்ட் எடுக்க வைத்தேன். திருவிழா அன்று விடிந்ததும் வாச்சரைக் கூப்பிட்டு, ரோட்டை விரலால் தொட்டுக் காட்டி, கேட்டைத் திறக்க வைத்தேன். பிறகு கடைக்குப் போய் இரண்டு வேலை முடித்துவிட்டு, ஃபேக்டரியில் தேரோடு சேர்ந்துகொண்டேன். தேர் கேட்டைத் தாண்டியபோது எனக்குப் புல்லரித்தது. வடம் பிடித்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். கீழ் டிவிஷன் லயத்துக்கு அம்மன் முதல் முதலாக வந்து, நேராக எங்கள் வாசலில் நின்றார்.

கதவில் பூட்டு தொங்கியது.

தட்டு இல்லை, விளக்கு இல்லை, அம்மா இல்லை. பூசாரி என்னைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். அம்மனும் பார்த்திருப்பார். பக்கத்து வீட்டக்கா எட்டிப் பார்த்து, “ஒங்கம்மா காலையிலயே போயிட்டாங்களே! கேட்டு தொறந்துருக்குன்னு ஒங்க தம்பி த்ரீவீல கொண்டாந்து ஏத்திட்டுப் போனிச்சி” என்றார்.

போன் எடுத்தேன். அம்மா மேலே கோயிலில் இருந்தார். அர்ச்சனை எல்லாம் முடித்து, பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, சாமி நம்ம வாசல்ல நிக்கிது! நீங்க அங்க என்னா செய்றீங்க?”

“இந்த வருஷமும் நீதான் மேப்பு போட்டன்னு சொன்னாங்க புள்ள. அதான் எதுக்கும் நேரத்தோட கோயிலுக்கே வந்துட்டேன்.”