ஊதா ரத்தம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். திருடியது ஒரு புட்டி மருந்து. எந்த இடத்துக்கு என்று சொல்லக் கூசியதால்தான் அத்தனை அமர்க்களமும் நடந்தது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெண்ணுறுப்புக்கு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நானும் வீட்டுக்காரரும் மரம் வெட்டினோம். (மரத்தைச் சாய்ப்பதில்லை, பால் வடியக் கீறுவதைத்தான் அப்படிச் சொல்வோம்.) விடியுமுன் பனியில் நனைந்த பாவாடை, பாலை எடை போட்டு முடியும்வரை ஈரமாகவே இடுப்பில் கிடக்கும். அந்த மழைக்காலத்தில்தான் கீழே அரிப்பு ஆரம்பித்தது. சிறுநீர் கழித்தால் எரிச்சல். கூடவே தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை வேறு. துணி துவைக்கிற கார சோப்பைப் போட்டு நாலு வேளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். (எவ்வளவு புத்திசாலி பாருங்கள்!) எரிச்சல் இரண்டு மடங்கானது.

அரிப்பைவிடப் பயம் பெரிது. வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை ரயிலேறிச் சிங்கப்பூர் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே போகிற ஆண்கள் பொம்பளச் சீக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெண்கள் குசுகுசுப்பதைக் கேட்டிருக்கிறேன். இது அவர் கொடுத்தது என்றால் என் வாழ்க்கை போச்சு. அவர் கொடுக்கவில்லை என்றால் என்னைச் சந்தேகப்பட்டு நாகப்பட்டினத்துக்கே கப்பலேற்றிவிடுவார். யோசித்துப் பார்த்து, அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் கைக்குழந்தைக்கு நாக்கில் இதே மாதிரி வெள்ளை படிந்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி மிஸ்ஸி (நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஊதா மருந்து ஒரு புட்டி கொடுத்தாள். நாலு நாளில் நாக்கு சுத்தமாகிவிட்டது. அதே தயிர், இடம்தான் வேறே என்று என் மூளை சொன்னது. இந்தக் கதையில் அது ஒழுங்காக வேலை செய்த ஒரே இடம் அதுதான். செல்லம்மா குழந்தையைக் குளிப்பாட்டப் போன நேரம் பார்த்துப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழந்தைக்குப் பஞ்சில் லேசாகத் தொட்டுத் தடவுகிற மருந்து. நானோ பாதிப் புட்டியைக் காலி செய்தேன். தீயாக எரிந்தது. அது போதாதென்று பாவாடை, பாய், விரல், நகம் எல்லாம் ஊதா. துவைக்கத் துவைக்கக் கறை பரவியதே தவிரப் போகவில்லை. பாவாடையைச் சுருட்டி விறகுக் கட்டுக்கு அடியில் திணித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

வீட்டுக்காரர் விறகு எடுக்கப் போவார் என்று நான் நினைக்கவேயில்லை. அதுவரை அந்த மனிதர் விறகைத் தொட்டதில்லை. நான் பேசாமல் இருந்ததால் பாவம், ஒத்தாசை செய்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறார். நான் குழாயடியிலிருந்து திரும்பும்போது, விரித்த பாவாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் ஆஸ்பத்திரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். குடத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கங்காணி இருந்தார். செல்லம்மாவும் இருந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"மிஸ்ஸிம்மா! என் பொண்டாட்டி சாகப்போறா! ஊதா ரத்தம் போவுது!"

பாவாடையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தார். செல்லம்மா கறையைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள்.

"அலமாக்! ஐயோ, என் புட்டி!"

மிஸ்ஸிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போய்ப் பரிசோதித்தாள்.

"பைத்தியக்காரி! இது பொம்பளச் சீக்கு இல்ல. கொழந்த வாயில வந்துச்சே, அதே பூஞ்சக்காளான். ஈரத்தோடவே கெடந்தா பெருகும். யாரும் தப்புப் பண்ணித்தான் வரணும்னு இல்ல. மருந்து சரிதான், ஆனா நான் தண்ணி கலந்து தடவணும். நீ சோப்புப் போடாத, உள்ள எதையும் ஊத்திக் கழுவாத. காஞ்ச துணியக் கட்டு." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "தூரம் நின்னு எத்தன மாசமாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும். மழையில நனஞ்சதால நின்னுருச்சுன்னு நெனச்சேன், மிஸ்ஸிம்மா."

"மழையாலயா? புள்ளத்தாச்சிடி நீ! மாசமா இருக்கறப்ப இந்த அரிப்பு ரொம்பச் சகஜம்."

திரை என்பது துணிதான். வெளியே முப்பது பேருக்கும் கேட்டது. வீட்டுக்காரர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் கேட்டார்: "ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"சிங்கப்பூர்லேருந்து நீங்க கொண்டாந்ததுன்னு நெனச்சேன்."

அப்படியே நின்றுவிட்டார். "நானா? அங்க நான் பாக்குற ஒரே பொம்பள எங்கக்கா! அதுவும் வாசப்படி ஏறினதுலேருந்து என்னத் திட்டிக்கிட்டே இருக்கும்!" எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த மனிதரை அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மிஸ்ஸி பத்து நாள் ஒழுங்காகத் தடவியதில் அரிப்பு போயிற்று. அந்த மாதமே வரிசையில் நின்ற பெண்களில் ஏழு பேர் ஒவ்வொருவராக என்னிடம் வந்து, "அந்த ஊதா மருந்துக்கு மிஸ்ஸிகிட்ட என்னன்னு கேக்கணும்?" என்று காதில் கேட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவள் செல்லம்மா.

எனக்கு மூன்று பெண்கள். உடம்பில் எங்கே என்ன ஆனாலும் அன்றைக்கே என்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். அது என் வளர்ப்பு என்று ஒருமுறை பெருமையடித்துக்கொண்டேன். மூத்தவள் சிரித்தாள்.

"வளர்ப்பாவது ஒண்ணாவது! சொல்லலேன்னா அப்பா பாவாடையத் தூக்கிக்கிட்டு ஓடிருவாருல்ல?"