அப்பா வழி வந்தது

விஜயராணி பெட்டியில் கடைசிப் புடவையை அமுக்கியபோதுதான், இனியும் பேசாமலிருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று முருகானந்தத்துக்கு உறைத்தது. முந்தின நாள் சாயங்காலம் போதையில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து சோறு கேட்டிருந்தான். அந்த அம்மாள் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பில்லை என்றும் சொல்லியிருந்தான். இந்த முறை ராணி மருங்காபுரியில் அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பமாட்டாள்.

காலையில் போனில் படித்தது ஞாபகம் வந்தது. குடிப்பழக்கத்தில் பாதி மரபணுவாம்.

"என் தப்பு இல்ல ராணி. அப்பா குடிக்கிறாருல்ல? ரத்தத்துலயே வருதாம். டாக்டருங்களே சொல்றாங்க."

அவள் கை நின்றது. அவனுக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் அலமாரியைத் திறந்து மகனின் துணிகளையும் எடுத்தாள்.

"அவன் துணி எதுக்கு?"

"பரீட்சை முடியறவரைக்கும் உங்ககிட்ட விட்டுட்டுப் போகலாம்னு இருந்தேன். அதே ரத்தம்தானே அவனுக்கும். இனிமே முடியாது."

பதறிப்போய், எல்லாருக்கும் வந்துவிடாது, மீதிப் பாதி சூழ்நிலைதான் என்று விளக்கினான். சூழ்நிலை என்றால் என்ன என்று கேட்டாள். கூட இருக்கிற ஆட்கள் என்றான். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, மகனின் பாடப்புத்தகங்களையும் எடுத்து வைத்தாள். பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் பஸ்.

முருகானந்தம் ஸ்ரீரங்கத்திலிருந்த அக்கா மலர்க்கொடிக்குப் போன் போட்டான். அப்பாவும் அவள் வீட்டில்தான் இருந்தார்.

"அக்கா, நம்ம குடும்பத்துல குடி ரத்தத்துலயே இருக்கு. அப்பா குடிச்சும் நீ குடிக்கிறதில்லன்னு ராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது.

"போன் ஸ்பீக்கர்ல இருக்குடா," என்றாள் அக்கா. "என் மாமியார் பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அதுவரை அந்த வீட்டில், அப்பா சாயங்காலம் தள்ளாடுவதற்குப் பெயர் சர்க்கரை மயக்கம்.

மதியத்துக்குள் அப்பா அழகர்சாமி ஒரு பையோடு வந்து நின்றார். சம்பந்தியம்மாளே பஸ் ஸ்டாப்வரை வந்து ஏற்றிவிட்டாளாம்.

முருகானந்தத்துக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. ஆதாரம் தானாக நடந்து வந்திருக்கிறது. அப்பாவை ராணியின் முன்னால் உட்காரவைத்தான்.

"நீங்க குடிக்கிறது உண்மைதானேப்பா?"

"உண்மைதான்."

"உங்ககிட்டேருந்துதானே எனக்கு வந்துச்சு? அதை இவகிட்ட சொல்லுங்க."

அழகர்சாமி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருமகளின் பெட்டியையும் தூக்கிக்கொண்டார்.

"நானும் உங்ககூடவே வந்துடறேன்மா. இவன் காலேஜ்லேருந்து மொதமொதலாக் குடிச்சிட்டு வந்து வாசல்ல விழுந்தான் பாரு, அன்னிக்குத்தான் நான் ஆரம்பிச்சேன்."