ஊசி நடுவுக்கு வந்திட்டுது

வாகனம் வைத்திருப்பவர்களில் காரணமில்லாமல் ஹோண் அடிப்பவர் ஓரினம், கண்ணாடியைத் திருப்பிச் சீப்பால் தலை இழுப்பவர் இன்னோரினம். இவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாவது இனம் ஒன்று உண்டு. ஊசிக்காரர்! றோட்டைப் பார்த்து ஓடாமல், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இஞ்சின் சூட்டைக் காட்டுகிற அந்தச் சின்ன ஊசியைப் பார்த்தே ஓடுகிறவர். மாடு குறுக்கே வந்தால் அவருக்குத் தெரியாது. ஊசி ஒரு நூல் அசைந்தால் தெரியும்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அக்கராயனில் இருப்பவர் மயில்வாகனம்.

ஊசி நடுவில் நிற்பதுதான் இஞ்சினுக்குச் சுகம் என்று பிக்கப் செய்தவன் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறான். மயில்வாகனம் அவனை நம்புவதில்லை. இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற ஒரு குட்டி வால்வு உள்ளே இருக்குமே, வாங்கிய கிழமையே அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

"உது வெள்ளைக்காரன்ர பனிக்குச் செய்தது. வன்னி வெயிலுக்கு என்னத்துக்கு?"

"அண்ணை, இஞ்சின் எண்டால் சூடாத்தான் ஓடவேணும்" என்று கராச்காரர் கெஞ்சினார்.

"உம்மட இஞ்சின் அப்பிடி ஓடட்டும். என்ர குளிரா ஓடும்."

பிக்கப்பின் பின்னால் நெல்லு மூட்டைக்கு இடமிருக்காது, நாலு கான் தண்ணீருக்கு இருக்கும். ஐந்து மைல்கட்டைக்கு ஒருதரம் நிறுத்தி, இறங்கி, பொனற்றைத் தூக்கி, ஈரச் சாக்கால் றேடியேற்றர் மூடியைத் திறந்து, தேவையோ இல்லையோ அரைப் போத்தல் ஊற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் புறங்கையால் தொட்டு, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு எந்த டொக்டரும் கிட்ட வரமுடியாது.

போன ஆவணியில் அவருடைய அக்கா மகன் திலீபனுக்கு விசுவமடுவில் கலியாணம். பத்தே முக்காலுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை முன்னுக்குக் காரில் போய்விட்டார். பொம்பிளைக்குக் கொடுக்கிற கூறைச்சேலை, சிவப்புத் துணியால் மூடிய தட்டத்தில், மயில்வாகனத்தின் பிக்கப்பில், மனைவி அமராவதியின் மடியில். கூறை வராமல் தாலி ஏறுமா? அப்படிப்பட்ட பொருளை ஏன் இவரிடம் கொடுத்தார்கள்? மயில்வாகனத்தின் வாகனம் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை என்று ஊரே சொல்லும். உண்மைதான். தானாக நின்றதில்லை. அவர்தான் நிறுத்துவார்.

ஒரு மணித்தியால ஓட்டம் என்று எட்டரைக்கு வெளிக்கிட்டார்கள். கிளிநொச்சி வருமுன்னரே இரண்டு தரிப்பு.

"இஞ்சாருங்கோ, ஒன்பதே காலாச்சு."

"ஊசி நடுவுக்கு வந்திட்டுது."

"அது நடுவுக்கு வந்தால் வரட்டும். நாங்கள் விசுவமடுவுக்கு வரவேண்டாமோ?"

மயில்வாகனம் அசையவில்லை. இஞ்சின் சூட்டை வெளியே இழுக்கவேணும் என்று ஆவணி வெயிலில் ஹீற்றரைப் போட்டார். பட்டுச்சேலைக்குள் அமராவதி இடியப்பம்போல அவிந்தா.

"இஞ்சினைக் குளிர வைக்க என்னை அவிக்கிறியளோ?"

பரந்தன் சந்தியில் மூன்றாம் தரிப்பு. அமராவதி தட்டத்தைச் சீற்றில் வைத்துவிட்டுச் சோடா வாங்க இறங்கிப் போனா. மயில்வாகனம் மூடியைக் கையில் எடுத்து, தண்ணீரும் விட்டு முடித்த நேரம் போன் அடித்தது. அக்கா.

"எங்கயடா நிக்கிறாய்? ஐயர் கூறை எங்கை எண்டு கேக்கிறார்!"

மூடியைக் கண்ட இடத்தில் வைத்தால் உருண்டுவிடும். கவனமான மனிதரல்லவா? அதை ஒரு பத்திரமான இடத்தில் வைத்தார். "இந்தா வந்திட்டம் அக்கா" என்றார். பொனற்றை அறைந்து சாத்தினார். ஏறினார். அமராவதியும் சோடாவோடு வந்து ஏறினா. ஓடினார்.

தர்மபுரம் தாண்டவில்லை. ஊசி நடுவைத் தாண்டியது, சிவப்பைத் தொட்டது. பொனற்றின் இடுக்கெல்லாம் புட்டுப்பானைபோல ஆவி! இத்தனை வருடமாக அவர் பயந்து பயந்து காத்திருந்த அந்த நாள் வந்தேவிட்டது. திறந்து பார்த்தால் றேடியேற்றர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

"மூடியைக் காணேல்லை!"

"எங்கை வைச்சனீங்கள்?"

"பத்திரமாத்தான் வைச்சனான்."

நேரம் பத்தாக ஐந்து நிமிடம். அப்போது, பரந்தனில் மீன் விற்றுவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கிறகோரி மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். விசயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.

"அண்ணை, என்ர இஞ்சினுக்குத் தண்ணியும் இல்லை, மூடியும் இல்லை. காத்துத்தான். அக்காவை ஏறச் சொல்லுங்கோ."

அப்படித்தான் கூறைத் தட்டம், கிறகோரியின் முதுகுக்கும் வெறும் மீன்பெட்டிக்கும் நடுவில், அமராவதியின் மடியில், பத்தே காலுக்கு மண்டபத்தில் இறங்கியது. கூறை கொஞ்சம் பாரைமீன் மணந்தது. அவசரத்தில் யார் மணந்து பார்த்தார்கள்? சிவப்புத் துணியை எடுத்தார்கள், சபையோர் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டத்தைக் கொண்டு சுற்றினார்கள்.

வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில், கறுப்பாய், வட்டமாய், பத்திரமாய், றேடியேற்றர் மூடி!

முன்வரிசைப் பெரியவர் ஒருகணம் யோசித்தார். பிறகு கூறையைத் தொட்டார், மூடியையும் தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் செய்தால் பிறகென்ன? முந்நூறு பேரும் ஒற்றிக்கொண்டார்கள். ஐயர்தான் மெதுவாகக் கேட்டார்: "இது எந்தப் பகுதி முறை?"

மாப்பிள்ளையின் தாய் பொம்பிளை வீட்டாரை ஒருதரம் பார்த்தா. தலையை நிமிர்த்தினா.

"எங்கட பக்கத்து முறை ஐயா. பரம்பரையா இருக்கு."

தாலி ஏறியது. அமராவதி வெளியே வந்து புருசனுக்குப் போன் எடுத்தா. "உங்கட மூடி கிடைச்சிட்டுது. முந்நூறு பேர் ஆசீர்வாதம் பண்ணியிருக்கினம். இனி இஞ்சின் சூடேறாது."

போன மாதம் ஜெயபுரத்தில் நடந்த ஒரு கலியாணத்திலும் தட்டத்தில் புது மூடி ஒன்று, சந்தனப் பொட்டோடு, இருந்ததாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கோ. உங்களிடம் பிக்கப் இல்லை, ஊசி இல்லை, நல்லது. ஆனால் இதை வாசிக்கத் தொடங்கியபின் இரண்டு தரம் எழும்பிக் குசினிக்குப் போய், உலையில் கொதிக்கிற சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு வந்தீர்களே, அந்தப் பானை மூடியை எங்கே வைத்தீர்கள்?