மருமகளின் அடைப்புக்குறிகளை நான் அழித்த விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் ஒருவன் மட்டும் குற்றவாளி.

உங்கள் மகள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நீங்கள்தான் எழுதிச் சமாதானப்படுத்த வேண்டும். நாலு வருஷம் பாடுபட்டு எழுதிய ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை அவள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். டைப் அடித்த தாளில் அடைப்புக்குறிகளை மட்டும் கையால் போட்டு, மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். நான் படித்தது ஏழாங்கிளாஸ்தான்; ஆனால் முப்பது வருஷம் அச்சுக் கோத்தவன், கை சும்மா இருக்குமா? வரிக்கு ஒரு அடைப்புக்குறிக்கு மேல் போட்டால், "பெட்டியில எழுத்து தீர்ந்துடும்யா"ன்னு எங்க முதலாளி கத்துவார். இவள் வரிக்கு ஆறு போட்டிருந்தாள்! வெள்ளை மை எடுத்து அறுநூறையும் பூசி அழிச்சுட்டேன்.

"ஐயோ மாமா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏம்மா, இப்பத்தானே பார்க்க லட்சணமா இருக்கு?"

"இது சேர்ப்பு விதி இல்லாத இயற்கணிதம் மாமா. மூணைப் பெருக்கும்போது முன்னாடி ரெண்டை முதல்ல சேர்த்தா ஒரு விடை, பின்னாடி ரெண்டை முதல்ல சேர்த்தா வேற விடை. எதை முதல்ல சேர்க்கணும்னு அடைப்புக்குறிதான் சொல்லும். அது போனா என் நாலு வருஷமும் போச்சு!"

எனக்கு டக்குன்னு புரிஞ்சுது சம்பந்தி. நம்ம வீடுதான் அது! நானும் என் பையனும் முதல்ல கூடிப் பேசிட்டு அவகிட்டப் போனா, சினிமா. அவனும் அவளும் முதல்ல கூடிப் பேசிட்டு எங்கிட்ட வந்தா, ஒட்டடை அடிக்கிற வேலை. ஆளு என்னவோ அதே மூணு பேருதான்! இதைச் சொன்னா சிரிப்பான்னு பார்த்தேன். படார்னு கதவைச் சாத்திக்கிட்டா.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு ஆசி, வாங்கிக்கொள்ள மனசிருந்தால் உங்கள் மகளுக்கும்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்குள்ள நிலைமை மாறிடுச்சு. எல்லாக் குறியையும் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பப் போட்டுட்டா. அறுபத்து மூணாம் பக்கத்துல மட்டும் எங்கே போட்டிருந்தோம்னு சந்தேகம். ரெண்டு விதமாவும் போட்டிருக்கா, ஒரே விடை! அங்கே குறியே வேண்டாம்ங்கறது அவளுக்கே புதுசாம். "இதைத் தனி அத்தியாயமா எழுதும்மா, இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கோ"ன்னு பேராசிரியர் குதிக்கிறாராம். இப்ப மாமா மாமான்னு என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடறா. அதனால அவளுக்கு எழுத வேண்டாம். உங்க மாப்பிள்ளைக்கு நாலு வரி எழுதுங்க. இன்னும் ஒரு வருஷம் தான்தான் சமைக்கணும்னு தெரிஞ்சதுலேர்ந்து அவன் என் முகத்துலயே முழிக்கறதில்லை.